அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணா?

1996 கோடை விடுமுறை. வீட்டுக்குக் கேபிள் இணைப்பு வந்திருந்த புதிது. ஒரு மத்தியானம் அம்மாவும் நானும் ஓர் ஆங்கிலப் படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். 1980-இல் வந்த 'தி ஃபைனல் கவுண்ட்டவுன்'. இயக்கியவர் டான் டெய்லர். கிர்க் டக்ளஸ், மார்ட்டின் ஷீன், கேத்தரின் ராஸ் நடித்தது. அம்மா ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவர். ஆங்கிலப் படம் அவருக்குச் சிரமமில்லை. என்னைவிட வேகமாக வசனம் பிடிப்பார்.

கதை எளிமையானது. அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் நிமிட்ஸ் 1980-இல் ஹவாய்க்கு அருகே போய்க்கொண்டிருக்கிறது. யாரும் எதிர்பாராத ஒரு விசித்திரப் புயல் அதை விழுங்குகிறது. வெளியே வந்தபோது நாள் 1941 டிசம்பர் 6. மறுநாள் காலை ஜப்பானிய விமானங்கள் பெர்ல் ஹார்பரைத் தாக்கப்போகின்றன. கப்பலில் இருப்பவர்களுக்கு அது தெரியும், வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். கையில் ஜெட் விமானங்களும் ஏவுகணைகளும் இருக்கின்றன. தடுப்பதா, வேண்டாமா? இதுதான் படம் முழுக்க ஆண்கள் கூடிக்கூடிப் பேசும் விஷயம். கடைசியில் விமானங்கள் தாக்குதலுக்குக் கிளம்புகின்றன. அதற்குள் புயல் திரும்ப வந்துவிடுகிறது. விமானங்களைத் திருப்பி அழைக்கிறார்கள். கப்பல் 1980-க்கே போய்விடுகிறது. வரலாறு நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

படம் பார்க்கையில் அம்மா இரண்டு விஷயம் சொன்னார். விமானங்களைத் திருப்பிக் கூப்பிட்டபோது, "தடுத்திருக்கலாமே. தடுத்திருந்தா உங்க பாட்டி படிப்பு எட்டாவதோட நின்னிருக்காது" என்றார். படம் முடிந்ததும், "அப்புறம் அந்தப் பொண்ணு என்னடி பண்ணா, நாப்பது வருஷம்?" என்றார்.

அப்போது நான் வரலாறு இளங்கலை முதல் வருடம். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. பிறகு கல்லூரியில் வரலாறு சொல்லித்தர ஆரம்பித்தபின் இந்த இரண்டு கேள்விகளையும் பலமுறை வகுப்புக்குக் கொண்டுபோயிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் அந்தப் பொண்ணு. பெயர் லாரல் ஸ்காட். செனட்டர் சாப்மனின் உதவியாளர். இருவரும் இருந்த உல்லாசப் படகை ஜப்பானிய ஸீரோ விமானங்கள் இரண்டு சுட்டு மூழ்கடிக்கின்றன. நிமிட்ஸின் ஹெலிகாப்டர் செனட்டரையும் லாரலையும் அவள் நாயையும் காப்பாற்றிக் கப்பலுக்குக் கொண்டுவருகிறது. கதையில் முக்கியத்துவம் உள்ள ஒரே பெண் அவள்தான். 1941-இன் மனுஷி, 1980-இன் கப்பலில் நிற்கிறாள்.

கப்பலின் விமானப் பிரிவுத் தலைவர் கமாண்டர் ஓவன்ஸ் அவளையும் செனட்டரையும் ஆளில்லாத ஒரு தீவில் இறக்கிவிடப் போகிறார். தான் ஏமாற்றப்பட்டதை அறிந்த செனட்டர் ஹெலிகாப்டருக்குள் தகராறு செய்ய, அது வெடித்துப்போகிறது. செனட்டர் சாகிறார். லாரலும் ஓவன்ஸும் தீவிலேயே தங்கிவிட, நிமிட்ஸ் அவர்களை விட்டுவிட்டு 1980-க்குத் திரும்பிவிடுகிறது. கடைசிக் காட்சியில் துறைமுகத்தில் ஒரு பெரிய கார் நிற்கிறது. உள்ளே வயதான ஒரு தம்பதி: திரு. டைட்மன், திருமதி டைட்மன். நிமிட்ஸைக் கட்டியதில் பெரும்பங்கு வகித்த நிறுவனத்தின் முதலாளி டைட்மன் வேறு யாருமில்லை, ஓவன்ஸ்தான். பக்கத்தில் லாரல்.

படம் பார்க்கிறவர்கள் இங்கே கைதட்டுவார்கள். புதிரின் கடைசித் துண்டு சரியாக வந்து பொருந்துகிறது. ஆனால் கொஞ்சம் நிதானித்து யோசித்தால் அம்மாவின் கேள்வி எழும். 1941 டிசம்பரில் ஓவன்ஸுக்கு என்ன இருந்தது? பிறப்புச் சான்றிதழ் இல்லை. அமெரிக்காவில் 1936 முதல் வழங்கப்பட்ட சமூகப் பாதுகாப்பு அட்டை இல்லை. சொந்தம் இல்லை, நட்பு இல்லை. அந்த ஊரின் விலைவாசி, பேச்சு, யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்பது எதுவும் அனுபவமாகத் தெரியாது. அந்தக் காலத்தில் அவன் அந்நியன். அவள்தான் ஊர்க்காரி. ஒரு செனட்டரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவளுக்கு வாஷிங்டனின் எந்தக் கதவை எப்படித் தட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கும். அவள் இல்லாமல் டைட்மன் இல்லை, அந்த நிறுவனம் இல்லை, ஒருவேளை நிமிட்ஸே இல்லை. படம் தன் தர்க்கத்தாலேயே இதை ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் அவளுடைய முப்பத்தொன்பது வருடத்துக்குப் படம் கொடுத்திருக்கும் இடம் ஒரு கார் ஜன்னல்.

படம் சொல்லாததை வரலாற்றில் தேடினேன். 1941-இல் இருந்த, லாரல் போன்ற நிஜப் பெண்கள் என்ன செய்தார்கள்?

முதலில் அந்த நாளின் வானம். டிசம்பர் 7 காலை பெர்ல் ஹார்பருக்கு மேலே நிஜமாகவே ஒரு பெண் பறந்துகொண்டிருந்தாள். கார்னீலியா ஃபோர்ட், 22 வயது, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர். மாணவர் ஒருவருடன் சிறு விமானத்தில் போனவள், எதிரே வந்த விமானத்திலிருந்து விலகும்போது அதன் இறக்கையில் ஜப்பானியச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். குண்டுகளுக்கு நடுவே தரையிறங்கி உயிர்தப்பினாள். பிறகு ராணுவ விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு ஓட்டிச்செல்லும் பெண்கள் படையில் சேர்ந்தாள். 1943 மார்ச் 21 அன்று டெக்சஸ் வானில் இன்னொரு விமானம் மோதியதில் இறந்தாள். இப்படிப் பணியாற்றிய பெண் விமானிகளை ராணுவத்தார் என்று அரசு ஏற்கவில்லை, சிவில் ஊழியர்களாகவே வைத்திருந்தது. முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி அவர்களுக்கு 1977-இல்தான் கிடைத்தது.

அடுத்து தரை. ஹிக்கம் விமானத்தள மருத்துவமனையின் தலைமைச் செவிலி ஆனி ஃபாக்ஸ். குண்டு விழுந்துகொண்டிருக்கையில் அறுவைக்கு மயக்கமருந்து கொடுத்தார், காயங்களுக்குக் கட்டுப்போட்டார், மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1942-இல் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் பெற்ற முதல் பெண் அவர். பின்னர் அந்தப் பதக்கம் காயம்பட்டவர்களுக்கு மட்டும் என விதி மாறியது. அவருக்குக் காயம் இல்லையே! அதற்குப் பதிலாக 'பிரான்ஸ் ஸ்டார்' கொடுத்தார்கள்.

மறுநாள் டிசம்பர் 8, அமெரிக்க நாடாளுமன்றம். போர் அறிவிப்புத் தீர்மானத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 388, எதிர்ப்பு 1. அந்த ஒரு வாக்கு ஜெனட் ரேங்கினுடையது. 1916-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். 1917-லும் போருக்கு எதிராக வாக்களித்தவர். இம்முறை கோபக்காரக் கூட்டத்துக்குப் பயந்து ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்து, போலீஸ் துணையோடு வெளியே வந்தார். போரைத் தடுப்பதா என்று படத்தில் ஒரு கப்பல் நிறைய ஆண்கள் விவாதிக்கிறார்கள். வேண்டாம் என்று வாக்குப் பதிந்த ஒரே ஆள் அன்றைக்கு ஒரு பெண். அவரோடு உடன்படுவதும் மறுப்பதும் வேறு விஷயம். அவர் அங்கே இருந்தார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இனி கப்பல். இங்கேதான் என் மாணவிகள் எப்போதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை ஆள் பற்றாக்குறையில் தவித்தது. 1916-ஆம் ஆண்டின் ரிசர்வ் சட்டத்தில் 'குடிமக்கள்' என்று பொதுவாகத்தான் எழுதியிருந்தது. ஆண் என்று குறிப்பிடவில்லை. அந்த இடைவெளி வழியாக 1917 முதல் சுமார் 11,000 பெண்கள் எழுத்தர், தட்டச்சர் முதலிய பணிகளில் கடற்படைக்குள் வந்தார்கள். போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1925-இல் புதிய சட்டம் வந்தபோது ஒரே ஒரு சொல் கூடியது: 'ஆண்' குடிமக்கள். ஆகவே 1941 டிசம்பரில், படத்தின் கதை நடக்கும் நாளில், அமெரிக்கக் கடற்படையில் பெண்கள் செவிலியராக மட்டுமே இருக்க முடிந்தது. 1918-இல் திறந்திருந்த கதவு 1941-இல் மூடிக் கிடந்தது.

1942 ஜூலையில், மறுபடி போர்த்தேவைக்காக, கதவு திறந்தது. 1948-இல் பெண்கள் ஆயுதப்படைகளில் நிரந்தரமாக இருக்கலாம் என்று சட்டம் வந்தது. கூடவே வேலியும் வந்தது. மொத்தத்தில் இரண்டு சதவீதத்துக்கு மேல் பெண்கள் கூடாது. மருத்துவக் கப்பலும் போக்குவரத்துக் கப்பலும் தவிர வேறு கப்பலில் பணி கூடாது. போர் விமானம் கூடாது. இரண்டு சதவீத உச்சவரம்பை நீக்க 1967 ஆயிற்று. கடற்படையின் முதல் ஆறு பெண்கள் விமானிப் பயிற்சியை முடித்தது 1974-இல். யோனா ஓவன்ஸ் என்ற கடற்படை எலெக்ட்ரீஷியனும் அவருடைய தோழிகளும் கப்பல் பணி கேட்டு வழக்குப் போட்டார்கள். பெண்களைக் கப்பல்களிலிருந்து ஒட்டுமொத்தமாக விலக்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1978 ஜூலையில் நீதிபதி ஜான் சிரிகா தீர்ப்பளித்தார். அதன்பின் சட்டம் திருத்தப்பட்டது, ஆனால் போர்க்கப்பல் அல்லாதவற்றுக்கு மட்டும். படத்தில் வரும் கமாண்டரின் பெயரும் ஓவன்ஸ் என்பது தற்செயல். ஒரு ஓவன்ஸைத் திரையில் எல்லோரும் பார்த்தார்கள். இன்னொருவரைச் சட்டப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நிஜ நிமிட்ஸ் கப்பலிலேயே படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. அந்த ஐயாயிரம் பேரில் ஒரு பெண்ணும் நிரந்தரப் பணியில் இல்லை, இருக்கச் சட்டம் விடவில்லை. லாரல் 1980-இன் கப்பலைப் பார்த்து வியக்கிறாள். ஆனால் அவளைப் பொறுத்தவரை எது மாறியிருந்தது? இயந்திரங்கள் நாற்பது வருடம் முன்னே போயிருந்தன. மாலுமிகள் வரிசை 1941-இல் இருந்தபடியே ஆண்களின் வரிசை. அவள் எதிர்காலத்துக்கு வந்துசேரவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

அம்மாவின் கேள்விக்கு ஒரு பதிலாக நான் வகுப்பில் கிரேஸ் ஹாப்பரைச் சொல்வேன். 1941-இல் அவர் வாஸர் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். போர் வந்ததும் கடற்படையில் சேரப் போனார். வயது கூடுதல், எடை குறைவு என்று தயங்கினார்கள். விடாமல் கேட்டு, விலக்குப் பெற்று, 1943 டிசம்பரில் சேர்ந்தார். ஹார்வர்டில் 'மார்க் 1' கணினிக்கு நிரல் எழுதினார். பிறகு, மனித மொழிக்கு நெருக்கமாகக் கணினிக்குக் கட்டளை எழுத முடியும் என்று வாதாடி, செய்தும் காட்டினார். கோபால் மொழி அவர் போட்ட பாதையில் வந்தது. 1973-இல் கேப்டன் ஆனார். 1980-இல், படம் வெளிவந்த வருடத்தில், பணியிலேயே இருந்தார். கேப்டன்! படத்தில் கிர்க் டக்ளஸ் வகிக்கும் அதே பதவி. ஆனால் அந்தக் கப்பலில் நிரந்தரப் பணிக்கு அவரை அனுப்பச் சட்டம் இடம்தராது. அந்த நாற்பது வருடத்தில் ஒரு பெண் என்ன செய்திருக்க முடியும் என்று காட்டப் படக்காரர்கள் கற்பனைகூடச் செய்திருக்க வேண்டாம். எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

1993-இல்தான் போர்க்கப்பல் தடை நீங்கியது. 1994-இல் ஐசன்ஹோவர் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குப் பெண்கள் வந்தார்கள். அதே வருடம் காரா ஹல்ட்கிரீன், விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எஃப்-14 ஓட்டத் தகுதிபெற்ற முதல் பெண்ணானார். எஃப்-14தான் இந்தப் படத்தின் உண்மையான கதாநாயகன், ஸீரோக்களை வீழ்த்தும் அந்த விமானம். அக்டோபர் 25 அன்று ஆபிரகாம் லிங்கன் கப்பலில் இறங்க வரும்போது இடது இயந்திரம் செயலிழந்தது. காரா இறந்தார், வயது 29. அந்த வகை விமானத்தின் இயந்திரக் கோளாறு ஊரறிந்தது. ஆண்களும் அதில் இறந்திருக்கிறார்கள். ஆனால் அவர் விஷயத்தில், தகுதியில்லாத பெண்ணைச் சலுகை காட்டி ஏற்றிவிட்டார்கள் என்ற பேச்சு உடனே கிளம்பியது. ஆண் விழுந்தால் அது விபத்து. பெண் விழுந்தால் அது எல்லாப் பெண்களுக்கும் எதிரான சாட்சியம்.

இனி அம்மாவின் முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். அதற்குப் பதில் தேடப்போய்த்தான் எனக்கு அடி விழுந்தது.

பெர்ல் ஹார்பரைத் தாக்கிய விமானந்தாங்கிகள் ஆறு. அவற்றில் ஐந்து, அதே அட்மிரல் நகுமோவின் தலைமையில், நான்கு மாதம் கழித்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்தன. 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் வேறொரு ஜப்பானியப் படைப்பிரிவு குண்டுபோட்டது. 9-ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டனின் ஹெர்மிஸ் கப்பல் மூழ்கியது. மெட்ராஸ் நடுங்கியது. அத்தியாவசிய வேலை இல்லாதவர்கள் நகரைவிட்டுப் போகலாம் என்று அரசு சொல்ல, ரயில்களும் மாட்டுவண்டிகளும் நிரம்பின. தப்பித்து வந்துவிடும் என்று உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகளைச் சுட்டார்கள்.

திருவல்லிக்கேணியில் இருந்த என் பாட்டிக்கு அப்போது 13 வயது. எட்டாவது முடிக்கும் தறுவாய். குடும்பத்தோடு செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனாள். படிப்பு அத்தோடு முடிந்தது. 15 வயதில் கல்யாணம். சாரதா சட்டப்படி பெண்ணுக்கு 14 ஆனால் போதும், ஆகவே அதில் சட்டமீறல்கூட இல்லை. "ஜப்பான்காரன் குண்டு போட்டு என் படிப்பு போச்சு" என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வாள். அம்மா அதை நம்பினார், நானும் நம்பினேன். வகுப்பில் இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். போர் வரலாறு என்பது கப்பல்களின் வரலாறு மட்டுமில்லை, ஒரு பெண்பிள்ளையின் எட்டாம் வகுப்பும் அதில் இருக்கிறது என்று.

பாட்டியின் தம்பி இறந்தபின் அவர் வீட்டு மரப்பெட்டியைச் சுத்தம் செய்தோம். அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கிடைத்தது, கருத்துப்போன அட்டையுடன். அதில், 1942 ஜூலையில் ஆரணியில் ஒரு பள்ளியில் அவர் சேர்க்கப்பட்ட விவரம் இருந்தது. ஏப்ரலில் ஊர் மாறியவர் ஜூலையில் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறார். சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்திருக்கிறார். அதே ரயிலில் வந்த இரண்டு பிள்ளைகள். ஒருவருக்கு இரண்டு மாதப் படிப்பு தடைப்பட்டது. இன்னொருவருக்கு ஆயுள் முழுக்க.

அந்தப் புத்தகத்தை அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ குண்டு இல்லையா" என்று மட்டும் கேட்டார்.

குண்டு இல்லை. நிமிட்ஸ் அந்தக் கடற்படை முழுவதையும் மூழ்கடித்திருந்தாலும் பாட்டியின் படிப்பு வேறொரு காரணத்துக்காக நின்றிருக்கக்கூடும். அடுத்த வருடம், அடுத்த வாய்ப்பில். நின்றுபோன படிப்பைத் திரும்ப ஆரம்பிக்க ஆணுக்கு ஒரு ஜூலை மாதம் இருந்தது, பெண்ணுக்கு இல்லை. 1925-இல் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சேர்க்க யாரும் பேனாவை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே இருந்தது. பாட்டிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தம்பி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருப்பாளே. ஜப்பான்காரன்மேல் பழியைப் போட்டுவிட்டு, அப்பாவோடும் தம்பியோடும் சண்டை இல்லாமல் ஒரு ஆயுளைக் கழித்திருக்கிறாள். நான் வரலாறு படித்தவள், ஒரு தடவைகூட "உங்க தம்பி என்ன ஆனார் பாட்டி?" என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போது வகுப்பில் அந்த எடுத்துக்காட்டைத் திருத்திச் சொல்கிறேன், என் தவறையும் சேர்த்து.

அம்மா படித்தார். பாட்டி பிடிவாதமாகப் படிக்கவைத்தாள். தட்டச்சு ஹையர், சுருக்கெழுத்து ஹையர், இரண்டும் தேறி வேலைக்குப் போனார். "முடியாதுன்னு மரியாதையா எழுதிடும்மா" என்று மேலதிகாரி ஒரு வரி சொல்வார். அம்மா ஒரு பக்கம் எழுதுவார். கையெழுத்து மேலதிகாரியுடையது. அந்தக் காலத்து அலுவலகக் கடிதங்களின் கீழே, இடது ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அதிகாரியின் இனிஷியல் பெரிய எழுத்தில், பிறகு ஒரு சாய்வுக்கோடு, அதன்பின் தட்டச்சு செய்தவரின் இனிஷியல் சிறிய எழுத்தில். 31 வருட வேலையில் அம்மா எழுதியவற்றில் அம்மாவின் அடையாளம் என்று இருந்தது அந்த இரண்டு சின்ன எழுத்துகள்தான்.

கார் ஜன்னலுக்குப் பின்னால் திருமதி டைட்மன் தெரியும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாய்வுக்கோடு ஞாபகம் வருகிறது. அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்கவேண்டும் என அன்று அம்மாவுக்குத் தோன்றியதற்குக் காரணம் அதுதான் என்று இப்போது புரிகிறது.

கடந்த வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், ஆவணமே இல்லாத பெண்ணைப் பற்றி எப்படி எழுதுறது?" தம்பியின் மரப்பெட்டியைத் திற என்றேன். அப்பாவின் நிலப்பத்திரத்தில் சாட்சியாக யார் கைநாட்டு வைத்திருக்கிறார்கள் என்று பார். கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே, இடது ஓரத்தில் பார். உயிரோடு இருப்பவர்களிடம் இன்றைக்கே கேள். பதில் சொன்னபின் இன்னொரு கேள்வியும் கேள்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து கடந்துவிட்டது. போன மாதம் ஒரு ரூல் போட்ட நோட்டு வாங்கிக்கொடுத்து, வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து எழுதச் சொன்னேன். "யார் படிக்கப்போறா?" என்றார். பிறகு கேட்டார், "சுருக்கெழுத்துல எழுதினா பரவாயில்லையா?" எனக்குச் சுருக்கெழுத்து தெரியாது. கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.